சைக்கிள் கடைக்காரன் நடந்து போகிறான்

அந்த வருடம் எனக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் ஊர்க் கழகத்தின் கரப்பந்தாட்ட அணியில் நான்தான் மூத்தவன். மற்ற ஐந்து பேரும் இருபத்தைந்து தாண்டாதவர்கள். வலைக்கு முன்னால் நின்று பாய்ந்து அடிப்பது என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சனிக்கிழமையில் என் அடியைத் தடுக்க வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை.

போட்டிகளை எல்லாம் அப்படித்தான் வைப்பார்கள். சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி. முதல்நாள் பாய்ந்த பாய்ச்சலுக்கு மறுநாள் என் கெண்டைக்கால் இரண்டும் விறைத்துவிடும். படி இறங்க முடியாது. மலகூடத்தில் குந்த முடியாது. முந்தின வருட இறுதியாட்டத்தில் இரண்டாவது செற் பாதியிலேயே அணித்தலைவன் என்னை வெளியே கூப்பிட்டு, ஒரு புதுப் பெடியனை உள்ளே விட்டான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தேன். அந்த வாங்கில் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

அணித்தலைவனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. சைக்கிளுக்குக் காற்றடிக்க என் கடைக்குத்தான் வருவான். தை மாதத்தில் ஒரு நாள், பம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. சனிக்கிழமை நீங்கள் குதிரை. ஞாயிற்றுக்கிழமை மரக்குத்தி. இந்த முறையும் உப்பிடியெண்டால் நான் வேறை ஆளைப் பாக்கோணும்."

"நீ மூக்குச்சளியோடை திரியேக்கையே நான் பந்து அடிச்சவன்ரா."

"அதுதானே அண்ணை பிரச்சினை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பம்பைப் பறித்து வைத்துவிட்டேன். அரைவாசிக் காற்றோடுதான் போனான்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பக்கத்து ஊர்க் கழகம் போட்டி வைக்கும். அதற்கு மூன்று மாதம் இருந்தது. நான் ஒரே ஒரு காரியத்தைத்தான் நினைத்தேன்: அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கில் இருக்கக் கூடாது.

அதற்கு என்ன செய்தேன்? மடையன் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அணியோடு மூன்று மணித்தியாலம் விளையாடிவிட்டு, எல்லாரும் போன பிறகு சுவருக்குப் பக்கத்தில் நின்று இன்னும் ஐம்பது தரம் பாய்ந்தேன். வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நல்லெண்ணெய் பூசு, பழைய சாரத்தைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டு, பாயில் படு, அசையாதே. திங்கட்கிழமை விடிய எழும்பினால் கால் என்னுடையதாக இருக்காது.

சைக்கிள் திருத்துகிறவன் நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். விறைத்த காலோடு ஒருக்கால் குந்திப் பாருங்கள். சண்டை, தடை என்று பெற்றோல் வராமல் போய் அது மூன்றாம் வருடம். யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியும் சைக்கிளில் போனான், பொம்பிளை மாப்பிள்ளையும் சைக்கிளில் போனார்கள், விறகும் வெங்காயமும் சைக்கிளில் போயின. கடையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. திங்கட்கிழமைகளில் ரியூப் ஒட்ட வந்த சனம் என்னிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் போனது.

அந்த நேரம் என் மனைவிக்கு ஆறாம் மாதம். முதல் பிள்ளை. அவளுடைய காலும் வீங்கியிருந்தது. மருத்துவிச்சி சைக்கிளில் வந்தா. மனைவியின் கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தா. குழி விழுந்தது.

"பின்னேரத்திலை அரை மணித்தியாலம் நடக்கோணும் பிள்ளை. ஓடக்கூடாது, விறுவிறெண்டும் நடக்கக்கூடாது. கதைச்சுக்கொண்டு நடக்கிற வேகம் காணும். மூச்சு வாங்கினால் நிண்டு போ."

"தனிய எப்பிடியம்மா ஒழுங்கையாலை போறது?"

"பின்னை உவர் என்னத்துக்கு இருக்கிறார்?"

நான் பாயில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். "எனக்கு நேரமில்லை," என்றேன்.

"பந்து அடிக்க நேரமிருக்கு," என்றா மருத்துவிச்சி. அவவின் சைக்கிளுக்கு நான் காசு வாங்காமல் வேலை செய்கிறவன். அந்த நன்றிகூட இல்லை.

திங்கட்கிழமை புறப்பட்டோம். நான் இரண்டடி முன்னுக்கு, அவள் பின்னுக்கு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடப்பார்கள். நான் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி வந்தாள்.

"உம்மடை வேகத்துக்குப் போனால் சந்திக்குப் போக நாளைக்கு விடிஞ்சிடும்."

"உங்கடை வேகம் மட்டும் என்னவாம்? நொண்டுறியள்."

"நான் நொண்டேல்லை."

"ஓம், தாளத்துக்கு நடக்கிறியள்."

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் ஒருவரும் நடப்பதில்லை. கோயிலுக்கு நடக்கலாம், செத்த வீட்டுக்கு நடக்கலாம். புருசனும் பெண்சாதியும் பின்னேரத்தில் சும்மா நடந்து போவதை ஒருவரும் கண்டதில்லை. அதிலும் நான் சைக்கிள் கடைக்காரன்.

"என்ன, கடைக்காரர் நடந்து போறார்! சைக்கிளுக்கு என்ன நடந்தது?"

"கடையிலை நிக்குது."

"ஏன், திருத்த ஆள் கிடைக்கேல்லையோ?"

புகையிலைத் தோட்டத்தில் நின்ற ஒரு கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "பொஞ்சாதியைக் கரியரிலை ஏத்திக்கொண்டு போவன் தம்பி. ஏன் அந்தப் பிள்ளையை நடத்திக் கொல்லுறாய்?"

நான் ஒருவருக்கும் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னதெல்லாம் அவள்தான்.

ஆனால் ஒன்று நடந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில் என் பல் கடிபடுவது நின்றுவிட்டது. படலையைத் திறக்கும்போது கவனித்தேன், குதிக்கால் நிலத்தில் முழுதாக ஊன்றியிருந்தது. செவ்வாய்க்கிழமை கடையில் குந்தினேன். நோ இருந்தது, ஆனால் கத்த வேண்டி வரவில்லை. தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த திங்களும் அப்படியே. அதற்கு அடுத்த வாரம் அவள் தன் தாய் வீட்டில் நாலு நாள் நின்றாள். நான் நடக்கவில்லை. சந்தோசமாகக் காலைக் கட்டிக்கொண்டு படுத்தேன். புதன்கிழமைவரை கட்டைதான். அப்போதுதான் என் மரமண்டைக்குள் இறங்கியது. கடும் வேலை செய்த காலுக்குப் படுக்கை போதாது. இன்னும் வேலை வாங்கினால் அது முறியும். கொஞ்சம் மெல்ல அசைத்தால்தான் அது திரும்பி வரும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டால் பெடலை மெல்லச் சுற்றிவிட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் உள்ளே போகும். இதை ஆயிரம் தரம் என் கையால் செய்தவன் நான். என் காலுக்கு அது தெரியவில்லை. கால் கட்டும் துணியை எடுத்துக் கை துடைக்கக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா? சொல்லவில்லை, அவ்வளவுதான். பின்னேரம் ஐந்து மணியானால் கடையை மூடிவிட்டு வந்து, "மருத்துவிச்சி சொன்னவ எல்லோ, வாரும்," என்பேன். அவள் ஒன்றும் பேசாமல் செருப்பைப் போடுவாள். மழை தூறினாலும், "பிள்ளைக்கு நல்லதாம், வாரும்," என்பேன். அதற்கும் வருவாள்.

பங்குனி மாதம் ஊர்க் கேள்விகள் அவளுக்கும் அலுத்துவிட்டன. ஒரு நாள் குசினிக்குள் போய் ஒரு வெறும் போத்திலோடு வந்தாள்.

"இதேன்?"

"கையிலை போத்தில் இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். மண்ணெண்ணைக்குப் போறம் எண்டு நினைப்பினம்."

அது உண்மைதான். மின்சாரம் இல்லை. விளக்குக்கும் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் மண்ணெண்ணெய்தான் வேண்டும், அதுவும் வருவதில்லை. ஊரில் பாதிப் பேர் எந்த நேரமும் வெறும் போத்திலோடுதான் திரிந்தார்கள். முதல் நாள் அந்தப் போத்தில் நன்றாக வேலை செய்தது. ஒரு கேள்விகூட இல்லை. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள், மண்ணெண்ணெய் வந்தால் கொடுக்கும் சங்கக்கடைப் பக்கம் நடந்தோம். பாதி வழியில் அவள் என் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, பின்னுக்கு ஆக்கள் வருகினம்."

"வரட்டுமன். ஒழுங்கை எங்கடை சொத்தே?"

"எல்லாற்றை கையிலையும் போத்தில் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் கலனோடு. ஒரு பெண் அரைத்த சம்பல் விரலில் இருக்க ஓடி வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியே போத்திலோடு போகிறாள் என்றால் இன்றைக்குக் கட்டாயம் கொடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லி, அதை இன்னொருவர் வேலிக்கு மேலால் சொல்லி, ஊர் கிளம்பிவிட்டது. நாங்கள் நின்றால் அவர்கள் நின்றார்கள். நாங்கள் நடந்தால், ஆள் முந்தாமல் ஒழுங்காக வரிசையில் நடந்தார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை. ஒழுங்கை நிறைய ஆள்.

சங்கக்கடை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து முகாமையாளர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன கூட்டம்?"

"மண்ணெண்ணை எங்கை? ஒளிச்சு வச்சுக் குடுக்கிறியளோ?"

"ஆர் சொன்னது வந்ததெண்டு?"

எல்லாக் கையும் எங்கள் பக்கம் நீண்டது. அந்தக் கூட்டத்தின் கடைசியில் கலனோடு நின்றவன் எங்கள் அணித்தலைவன்.

"பின்னை ஏன் போத்திலோடை வந்தனீங்கள்?" என்று சம்பல் பெண் கத்தினாள். "அடுப்பிலை சோத்தை விட்டிட்டு வந்தனான்!"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வயிற்றைக் காட்டி மருத்துவிச்சி சொன்னா என்பாள், சனம் இரக்கப்பட்டுக் கலையும் என்று நினைத்தேன். அவள் போத்திலை இடுப்பில் அணைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கத் தெளிவாகச் சொன்னாள்.

"இவருக்குக் கால் நோ. பந்தடிச்சால் மற்ற நாள் எழும்பேலாது. மெல்ல நடந்தால்தான் விடுது. சும்மா நடந்தால் நீங்கள் பகிடி பண்ணுவியள் எண்டு போத்தில் கொண்டு வந்தம். நான் இவருக்குத் துணைக்கு வாறன்."

பிறகு கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முகாமையாளர் படியிலேயே இருந்துவிட்டார். அணித்தலைவன் மட்டும் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கலனை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போய்விட்டான்.

வீடுவரை நான் நாலடி முன்னுக்கு நடந்தேன். படலையடியில் வெடித்தேன்.

"என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர். அவன் கேட்டிட்டுப் போறான். இனி என்னை எடுப்பானே?"

"பொய் சொன்னால் நாளைக்கும் போத்தில் கொண்டு திரியோணும். எனக்குக் கை உளையுது."

"உமக்கு எப்ப தெரியும், என்ரை காலுக்கெண்டு?"

"மழைக்குள்ளை கூட்டிக்கொண்டு போனியளே, அண்டைக்கே தெரியும்," என்றாள். "என்ரை காலுக்கும் நல்லதுதான். அதாலை பேசாமல் வந்தனான்."

எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவள் படியில் இருந்து செருப்பைக் கழற்றும்போது அந்தக் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாக இருந்தது. அந்தக் காலோடு இரண்டு மாதம் எனக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். நான் கிணற்றடியில் போய்த் தண்ணீர் அள்ளி வந்து, அவளுக்குத் தேத்தண்ணீர் போட்டேன். சீனி இல்லை. பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அணித்தலைவன் கடைக்கு வந்தான். காற்றடிக்க வரவில்லை.

"அண்ணை, நேற்று மூண்டு மணித்தியாலம் பாஞ்சனீங்கள். இப்ப ஒருக்கால் பாயுங்கோ பாப்பம்."

"இது கடையடா."

"பாயுங்கோ."

முதல்நாள் இரவு சாப்பாட்டுக்கு முன் நடந்திருந்தேன். எழும்பினேன், இரண்டு அடி வைத்துப் பாய்ந்தேன். கை போய்க் கூரை வளையில் முட்டியது. தூசி இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. அவன் தலையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "சரி. அரையிறுதிக்கு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை பாப்பம்."

போட்டிச் சனிக்கிழமை வந்தது. அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அரையிறுதி மூன்று செற்றும் இழுபட்டது. அந்தக் காலத்தில் சேர்வ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி, பதினைந்து எடுத்தால் செற். ஒரு புள்ளிக்குப் பத்துத் தரம் பாய வேண்டும். வென்றோம். பெடியள் எல்லாரும் மரத்துக்குக் கீழே நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்கள். நான் சைக்கிளை மெல்ல உழக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் செருப்போடு நின்றாள்.

"நீர் இரும். இந்த வயித்தோடை ஒழுங்கை வேண்டாம்."

"அப்ப வளவுக்குள்ளை நடப்பம்."

வேலிக்குள் நடந்தோம். வேம்படியிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டில், திரும்பவும் வேம்படி. வளவுக்குள் முன்னுக்குப் பின்னுக்கு என்று ஒன்றும் இல்லை. பார்க்க ஆள் இல்லை. அவள் என் தோளில் கை வைத்தாள். என் கெண்டைக்கால் துடித்துக்கொண்டிருந்தது, அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றோம். பிறகு நடந்தோம். கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அன்றைக்குத்தான். அவள் பிள்ளைக்குப் பேர் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

ஞாயிறு காலையும் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனேன். அணித்தலைவன் என்னைப் பார்த்தான். நான் நின்ற இடத்தில் ஒரு தரம் பாய்ந்து காட்டினேன். ஆறு பேரில் என் பேரைச் சொன்னான்.

முதல் செற் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது தொடங்கமுன் இராணுவ ஹெலி ஒன்று வந்து சுற்றியது. விளையாடினவர்கள், பார்த்தவர்கள் எல்லாரும் மரங்களுக்குக் கீழே ஓடினோம். முக்கால் மணித்தியாலம். பெடியள் நிலத்தில் குந்திவிட்டார்கள். நான் மாமரங்களுக்குக் கீழால் மெல்ல அங்கும் இங்கும் நடந்தேன்.

"அண்ணை, இருங்கோவன், தலை சுத்துது," என்றான் ஒருவன்.

அணித்தலைவன் எழும்பினான். என் பக்கத்தில் வந்து நடந்தான்.

"என்ன வேகம் அண்ணை?"

"கதைச்சுக்கொண்டு நடக்கிற வேகம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"உன்ரை சைக்கிள் பின் ரயர் தேஞ்சு போச்சு. அதைப் பற்றிக் கதை."

ஹெலி போன பிறகு மூன்றாவது செற். அவர்கள் விறைத்துப் போயிருந்தார்கள், எங்கள் பெடியளும் விறைத்துப் போயிருந்தார்கள். நான் பாய்ந்தேன். பன்னிரண்டு புள்ளிவரை அணித்தலைவன் எனக்கே பந்தை ஏற்றித் தந்தான். யாரும் என்னை வெளியே கூப்பிடவில்லை. எங்களுக்குப் பதின்மூன்று, அவர்களுக்குப் பதினான்கு, சேர்வும் அவர்கள் கையில் என்று நின்றபோது பந்து உயர வந்தது. நான் பாய்ந்த பாய்ச்சலில் வலை என் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் நான் என் வாழ்நாளில் நின்றதில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. முழுப் பலத்தையும் போட்டு அடித்தேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. தோற்றோம்.

நான் மண்ணில் இருந்துவிட்டேன். அணித்தலைவன் வந்து கையைத் தந்து தூக்கினான்.

"அடுத்த வருசம் பலத்தைக் கொஞ்சம் குறைச்சு அடியுங்கோ அண்ணை," என்றான். "பாய்ச்சல் உவ்வளவு போதும்."

வீட்டுக்கு வர ஆறு மணி. பெடியள் சைக்கிளில் எனக்கு முதலே போய்ச் செய்தி சொல்லிவிட்டார்கள். அவள் வாசல் படியில் கால் நீட்டி இருந்தாள்.

"வெளியிலை அடிச்சனீங்களாம்."

"ஓம்."

"எவ்வளவு வெளியிலை?"

"ரண்டு முழம் இருக்கும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளை உள்ளே உதைத்திருக்க வேண்டும், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என்னைக் கிட்ட வரச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிட்டப் போய், வலி ஒன்றும் இல்லாமல், அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.